செருப்பு கழற்றும் சுவர்

வாசலில் சோப்புத் தண்ணீர் வாளி. அதைத் தாண்டித்தான் லிஃப்டுக்காரர் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியிருந்தது. எப்போதும்போல ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்ற, இடது கையைச் சுவரில் ஊன்றினார். கை வழுக்கியது.

சுவர் ஈரமாக இருந்தது. ஈரம்கூடப் பரவாயில்லை. வெள்ளையாக இருந்தது.

"பாத்து, பாத்து! இப்பதான் துடைச்சேன்" என்று குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் அவருடைய அக்கா வந்தாள். எழுபது வயது. கையில் பிழிந்த துணி. விடிகாலையில் சாவுச் செய்தி கேட்டதிலிருந்து அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன. அழுகை அதுபாட்டுக்கு, வேலை அதுபாட்டுக்கு என்கிற ஆள் அவள்.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கே?"

"என்னடா பண்ணுவேன்? இன்னும் ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரியிலேருந்து உன் பொண்டாட்டியைக் கொண்டாந்துடுவாங்க. நாலு பேரு வர்ற வீடு. உள்ள நுழைஞ்சதும் கண்ணுல அடிக்கிறது இந்தச் செவருதான். பதினோரு வருஷத்துப் பிசுக்கு! மூணு வாளி தண்ணி மாத்தினேன். அந்தப் பென்சில் கோடு நாலும்தான் போவேனான்னு அடம் பிடிச்சுது. விடுவேனா?"

லிஃப்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"ஏன்டா அப்படிப் பாக்கிறே?"

"நேத்து வரைக்கும் தொடலியேக்கா."

"நேத்து வரைக்கும் அவ இருந்தா. இருந்தா தொட விடுவாளா? எத்தனை தடவை துணியும் கையுமா வந்திருப்பேன். 'அண்ணி, அது என் ஆபீஸ், கை வைக்காதீங்க'ன்னு குறுக்கே வந்து நின்னுக்குவா. இன்னிக்காவது எவளும் அவளைப் பத்தி நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக் கூடாதுன்னு..."

துணியால் முகத்தைத் துடைக்கப் போனவள், அது எந்தத் துணி என்று நினைவு வந்து புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அவர் திட்டவில்லை. இரண்டாவது செருப்பைச் சுவரைத் தொடாமல் கழற்றினார். அதற்கே தள்ளாடிவிட்டார்.

அந்தச் சுவரில் மூன்று பேர் இருந்தார்கள். மேலே கருப்பாக அவர் கை. லிஃப்ட் கயிற்று கிரீஸ் எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் மிச்சம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் மகள். அவள் எந்த நாளும் நின்று செருப்பைக் கழற்றியதில்லை. உதறிவிட்டு ஓடுகிற ஓட்டத்தில் விரல் நுனி மட்டும் பட்டு, நீளமாக ஓர் இழுப்பு. கீழே, அவர் மார்பு உயரத்தில் அவர் மனைவி. அவள் செருப்புக்கு வார் உண்டு, வாருக்குக் கொக்கி உண்டு. உள்ளங்கை முழுவதையும் பதித்து, யோசனை செய்தபடி, அரை நிமிஷம் நின்று கழற்றுவாள். நிறம் ஆழமாக விழுந்த இடம் அவளுடையதுதான்.

வீட்டில் மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாள். இந்த இரண்டு முழ அகலச் சுவரை மட்டும் துடைக்கக் கூடாது, வெள்ளையடிக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி அதைப் படம் எடுப்பாள். மூலைக்கு ஒன்றாக நாலு பென்சில் குறி. தரையில், மிதியடிக்கு அடியில், தன் கால்கள் நிற்க இரண்டு துண்டு டேப். அதே உயரம், அதே பல்பு வெளிச்சம். நூற்று முப்பது படத்துக்கு மேல் சேர்ந்திருந்தது.

ஏனென்றால் அவள் வேலையே அழுக்கு வைப்பது. சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் உருவம் செய்து கொடுக்கிற நிறுவனத்தில் பதினாறு வருஷம். அங்கே ஒருவர் மேஜை செய்வார், ஒருவர் பஸ் செய்வார், நாலு பேர் சேர்ந்து தெருவையே செய்துவிடுவார்கள். முடிந்ததும் பார்த்தால் எல்லாம் அன்று காலையில் பெட்டியிலிருந்து எடுத்தது போலப் பளபளவென்று இருக்கும். பார்க்கிறவருக்கு ஒரு நொடியில் பொய் என்று தெரிந்துவிடும். அப்புறம்தான் அவளிடம் வரும். மேஜையின் விளிம்பைத் தேய்ப்பாள். பஸ் சக்கரத்துக்கு மேலே சேற்றைத் தெறிக்கவிடுவாள். ஜன்னல்களுக்குக் கீழே மழை ஒழுகிய கோடுகளை இறக்குவாள். ஆபீஸில் அவளுக்குத் தூசியம்மா என்று பெயர். அதற்கு முன்னால் போட்டோ ஸ்டூடியோவில் முகங்களிலிருந்து மருவையும் தழும்பையும் எடுத்துக்கொண்டிருந்தவள். "அங்க எடுத்ததையெல்லாம் இங்க திருப்பி வைக்கிறேன்" என்பாள்.

மூன்று நாளைக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில், முகத்தில் மாட்டியிருந்த மூச்சுக்குழாயை ஒரு விரலால் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

"இன்னிக்கு ஒண்ணாம் தேதியாச்சே. படம் எடுத்தீங்களா?"

அவர் இரண்டு நாளாக அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. "எடுத்துட்டேன்" என்றார்.

"பல்பு போட்டா, போடாமலா?"

"போட்டுத்தான்."

"காட்டுங்க."

"போன்ல சார்ஜ் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சுப் போதவில்லை. "பொய் சொன்னா உங்களுக்குக் காது ஆடும். வீட்டுக்குப் போனதும் எடுத்துடுங்க. ஒரு மாசம் விட்டுப் போச்சுன்னா முன்பல்லு விழுந்த மாதிரி இருக்கும்."

"பூட்டைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். போதுமா?"

"போதும்" என்றாள்.

அந்த முதல் வேலைக்குத்தான் இப்போது வந்திருந்தார். அவளுக்கு உடுத்தவேண்டிய நீலத் துணியை எடுப்பது இரண்டாவது வேலை. இரண்டாவதை மட்டும் செய்துவிட்டுக் கீழே இறங்கினார்.

*

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்த இரண்டு பேரும் லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"சார், நீளம் பத்தாது. நிமிர்த்தித்தான் கொண்டுபோகணும். எல்லா இடத்துலயும் அப்படித்தான் பண்றோம்."

"எங்க வீட்டம்மாவை நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போகப் போறீங்களா? கொஞ்சம் நகருங்க."

சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். லிஃப்டின் பின்சுவரில், இடுப்புக்குக் கீழே, யாரும் கவனிக்காத ஒரு சின்னத் துவாரம். சாவியைத் திருகினார். பின்சுவரின் கீழ்ப்பாதி கதவாகத் திறந்து, உள்ளே ஒரு முழ ஆழத்துக்கு இடம் விட்டது.

எதிர் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "இருபது வருஷமா ஏறி இறங்குறேன். இப்படி ஒரு கதவு இருக்கிறதே தெரியாது சார்."

"தெரிய வேண்டாத கதவு சார் அது."

உள்ளே தகடு பிறந்த மேனிக்கு மின்னியது. தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. 'பாத்தீங்களா, யாரும் தொடாத இடம்னா இப்படித்தான்' என்று அவள் சொல்லுவாள். சொல்லுவதோடு நிறுத்த மாட்டாள், அந்தத் தாளின் ஓரம் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பாள். அவளைப் படுத்த நிலையிலேயே மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்.

பன்னிரண்டு மணிக்குத் தூறல் பிடித்தது. அதன் பிறகுதான் கூட்டம் வரத் தொடங்கியது. குடைகளை வராந்தாவில் விரித்து வைத்துவிட்டு, சேற்றுச் செருப்புகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். இரண்டு மணிக்கு மகள் வந்தாள். ரயிலிலிருந்து நேராக, பையோடு. வாசலில் நெடுநேரம் அவள் சத்தமே கேட்கவில்லை. பிறகு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

எதிர் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க சார். வீட்டம்மா சினிமாவுல இருக்காங்கன்னு தெரியும். என்ன வேலைன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கல."

அக்கா சட்டென்று முந்திக்கொண்டாள். "டிசைனருங்க. கம்ப்யூட்டர் டிசைனர்."

"அழுக்கு வைக்கிற வேலை சார்" என்றார் லிஃப்டுக்காரர்.

"மேக்கப்பா?"

"இல்ல. மேக்கப் மனுஷங்களுக்கு. இவ பொருளுக்கு வைப்பா."

எதிர் வீட்டுக்காரருக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. அக்கா தம்பியை முறைத்தாள். சாவு வீட்டில் சொல்கிற பேச்சா இது என்று அதற்கு அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் ஆபீஸிலிருந்து வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர், எல்லாருக்கும் முப்பதுக்குள் வயது. நனைந்த தலையோடு வாசலில் முண்டியடித்து ஷூ கழற்றினார்கள். முன்னால் வந்த கண்ணாடிக்காரப் பெண், படுத்திருந்தவளின் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவரிடம் வந்தாள்.

"அங்கிள், நான்தான் அவங்க மேலதிகாரி. லீவு வேணும்னா என்கிட்டதான் கேக்கணும். ஆனா பயப்படுறது என்னவோ நான்தான்."

"தெரியும்மா. 'எங்க பாஸு சின்னப் பொண்ணு, ஆனா கண்ணு கூர்மை'ன்னு சொல்லுவா."

"அப்படியா சொன்னாங்க? என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "போன வருஷம் நான் ஒரு வாளி செஞ்சேன் அங்கிள். கம்ப்யூட்டர்ல ரெடிமேடா கீறல் இருக்கும், எடுத்துச் சுத்தி வர அடிச்சேன். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. இவங்க மட்டும் வந்து, 'இந்தக் கீறலைப் போட்டது யாரு?'ன்னாங்க. நான்தாம்மான்னேன். 'நீ இல்லடி, கதையில யாரு? அவ எந்தக் கையால தூக்குறா? எந்தப் பக்கம் தரையில இடிக்கிறா? ஆளு இல்லாம அழுக்கு எங்கேருந்து வரும்?' திருப்பிச் செய்ய ஒரு வாரம் ஆச்சு."

எதிர் வீட்டுக்காரர் நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினார்.

"உங்களைப் பத்தியும் தெரியும்" என்றாள் அந்தப் பெண். "ஒரு படத்துல லிஃப்டுக்குள்ள சண்டை. பதினோரு செகண்டு. எல்லா பட்டனும் லேசாத் தேஞ்சிருக்கும், கதவு மூடுற பட்டன் மட்டும் குழி விழுந்து, எழுத்தே அழிஞ்சு போயிருக்கும். டைரக்டர் ஏன்னு கேட்டாரு. 'எங்க வீட்டுக்காரர் முப்பத்தஞ்சு வருஷமா லிஃப்டு பாக்கிறாரு. அந்த பட்டனுக்குப் பாதி லிஃப்டுல கனெக்‌ஷனே கிடையாது. ஆனா அதைத்தான் அத்தனை பேரும் குத்து குத்துன்னு குத்துவாங்க. அவரு சொன்னா சரியா இருக்கும்'னாங்க. அவ்வளவுதான், டைரக்டர் வாயைத் திறக்கல."

லிஃப்டுக்காரர் தரையைப் பார்த்தார். காது சிவந்தது.

"அதை யாராவது கவனிச்சாங்களா?" என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒருத்தரும் கவனிக்கல சார். கவனிச்சா நாங்க தோத்துட்டோம்னு அர்த்தம். லிஃப்டுன்னு நம்பிட்டாங்க. எங்களுக்குக் கிடைக்கிற கைதட்டல் அதுதான்."

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒரு படம் போயிட்டிருக்கு அங்கிள். ஒரு வீடு, அதுல பதினோரு வருஷம். வீடு முழுக்க அவங்க பொறுப்பு. வாசச் சுவரு ஒண்ணு வச்சிருக்காங்க பாருங்க, எங்க ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து வந்து பாத்தோம். கடைசி ஷாட் மட்டும்தான் பாக்கி. வீட்டைக் காலி பண்ணி, வெள்ளையடிச்சு, வேற ஆளுங்க குடி வந்த முதல் நாள் சாயங்காலம். நாலு தடவை செஞ்சாங்க, நாலு தடவையும் அழிச்சுட்டாங்க. 'பழைய அழுக்கு எனக்குத் தெரியும். முதல் நாள் அழுக்கை நான் பாத்ததே இல்லையே'ன்னாங்க. படம் பாத்து வைக்கலாம்னா, எங்க வீட்டுச் சுவத்துல அழுக்கு படிஞ்சப்புறம்தான் எடுக்க ஆரம்பிச்சேன்னாங்க." அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "அந்தச் சுவரு எது அங்கிள்?"

அக்கா சமையலறை வாசலிலிருந்து முன்னால் வந்தாள்.

"நான் துடைச்சுட்டேம்மா" என்றாள் அக்கா. குரல் மிகச் சின்னதாக வந்தது. "காலையில. அவளுக்கு மரியாதையா இருக்கணும்னு."

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லங்க" என்றாள், பரவாயில்லை என்று சொல்லமுடியாத குரலில்.

அக்கா தம்பியிடம் வந்தாள். "ஏன்டா, அவ ஆபீஸுன்னு சொன்னது நெசமாத்தானா? என்னை விரட்டச் சொல்றாளாக்கும்னு நினைச்சுட்டேனே. காலையிலயாவது நீ ரெண்டு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?"

"உக்காருக்கா."

"அவ கை அதுல இருந்துச்சாடா?"

அவர் அக்காவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

*

நாலு மணிக்கு இறக்கினார்கள். மறுபடியும் அந்தக் கதவைத் திறந்தார். லிஃப்டுக்குள் அவளும் அவரும் ஸ்ட்ரெச்சர்க்காரர் ஒருவரும்தான். மற்றவர்கள் படியில் இறங்கினார்கள். தரைத்தளத்துக்கான பட்டனை அழுத்தினார். கதவு மூடவில்லை. இந்த லிஃப்டில் எட்டு விநாடி கழித்துத்தான் மூடும். அந்த நேரத்தை வைத்ததே அவர்தான். வெளியே மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கதவு மூடும் பட்டனை அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். மூன்றாவது தடவை விரலை எடுக்காமல் வைத்திருந்தார். கதவு தன் நேரத்துக்கு மூடியது.

*

எல்லாம் முடிந்து ஆறு மணிக்குத் திரும்பினார்கள். தூறல் நின்றிருந்தது. அக்கா முன்னால் போய்க் கதவைத் திறந்து வாசல் விளக்கைப் போட்டாள். போட்டவள் நகரவில்லை.

"தம்பி" என்றாள். "இங்க வாயேன்."

சுவர் வெள்ளையாக இல்லை.

ஈரம் காயாத சுவரில், சேற்றுச் செருப்புகளைக் கழற்றிய கைகள் ஊன்றியிருந்தன. மங்கலாக, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. கூட்டமாக நிற்கிறவர்கள் ஒருவர் தோள் வழியே ஒருவர் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. லிஃப்டுக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

கட்டைவிரல் தடிமனாக இருந்தது எதிர் வீட்டுக்காரர். அவருக்கு இடுப்பு வலி, எடை முழுவதையும் கட்டைவிரலில் போடுவார். விரல் நுனிகள் மட்டும் பட்டு, உள்ளங்கை படாமல், பத்துப் பதினைந்து: ஆபீஸ் பிள்ளைகள். அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் வலது கை. கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு இடது கைப் பழக்கம் போலிருக்கிறது. ஸ்ட்ரெச்சர் பிடித்தவர்கள் இரண்டு பேர், ஒரே உயரத்தில், அவசரமாக. யாரென்று தெரியாத ஒரு சின்னக் கை. பிறகு மகளுடையது. இந்தத் தடவை இழுப்பு இல்லை. ஐந்து விரலும் விரிந்து, முழுதாகப் பதிந்து, விட்டுவிட்டு மறுபடி பதிந்திருந்தது.

"எத்தனை பேருடா வந்திருக்காங்க!" என்றாள் அக்கா.

"எண்பதுக்குக் குறையாது."

"அவளுக்கா இத்தனை பேரு?"

"அவளுக்குத்தான்க்கா." அவர் குரல் நிமிர்ந்திருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். வாளி இன்னும் வாசல் ஓரத்தில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என் கை இதுல எங்கடா இருக்கு?"

"காலையிலேருந்து நீ எங்க வெளிய போனே? இப்பதானே செருப்புக் கழட்டினே."

"விளக்குப் போடுறப்ப ஊனினேனே."

"அப்ப இதுவா இருக்கும்."

"அது என் கையா? இவ்வளவு சின்னதா?" அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவர் போனை எடுத்தார். மிதியடியைக் காலால் ஒதுக்கினார். இரண்டு துண்டு டேப், ஓரமெல்லாம் சுருண்டு, அங்கேயே இருந்தது. அதன் மேல் ஏறி நின்றார். பென்சில் குறிகள் நாலும் போயிருந்தன. எதை வைத்துச் சுவரைச் சட்டத்துக்குள் நிறுத்துவது என்று தேடியபோது, அது கண்ணில் பட்டது. அவருடைய மார்பு உயரத்தில், நகக்கண் அளவுக்கு, பெயின்ட் தேய்ந்து பூச்சு தெரிகிற ஓர் இடம். அவளுடைய கைக்கடிகாரத்தின் கொக்கி பதினோரு வருஷமாக உரசிய இடம். அக்காவின் துணிக்கு அது பிடிபட்டிருக்கவில்லை.

அதை நடுவில் வைத்தார். சரியாக வரவில்லை. படம் மேலிருந்து பார்ப்பது போலிருந்தது. அவர் முழங்காலை மடித்தார். முட்டி சடக்கென்றது.

உள்ளேயிருந்து மகள் வந்து நின்றாள். "என்னப்பா பண்றீங்க? முட்டி போயிடும். நேரா நின்னே எடுங்களேன்."

"அம்மா உயரத்துல எடுக்கணும்."

மகள் அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து நின்று, அவர் தலைக்கு நேராகத் தன் கையைப் படுக்கையாக நீட்டி, அளவு காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கீழப்பா."

லிஃப்டைத் தளத்தோடு சமன் செய்கிற கவனத்தோடு, அவர் இன்னும் ஓர் அங்குலம் இறங்கினார்.